வாசகர் கேள்வி: சென்ட்ரல் லைன் கிட்டில் எதைப் போடுவது, எதை விடுவது?

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சேலம் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் குடியேறியவர். தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூவில் 11 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்திருக்கிறார். இரவு ஷிஃப்டும் முதுகுவலியும் சேர்ந்து வேலையை விடவைத்தன. இப்போது கொழுந்தனாரோடு கூட்டுச் சேர்ந்து பீன்யாவில் ஒரு சிறிய கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஆறு பெண்களை வைத்து, ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) அல்லாத டிரெஸ்ஸிங் செட் கட்டிக் கொடுக்கிறார். பழக்கமான மருத்துவமனை ஒன்று, சென்ட்ரல் லைன் (உடலின் பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) போடுவதற்கான முழு கிட்டும் நீங்களே செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறது. ஐந்து டாக்டர்களிடம் கேட்டுச் சேர்த்த பட்டியலில் 31 பொருள்.

அதன்படி 12 மாதிரி கிட் கட்டி, மருத்துவமனையின் பயிற்சிப் பொம்மையில் செய்து பார்த்தார்கள். குறைகள் வரிசையாக வந்தன. கவுன் அடியில் கிடந்ததால் அதை எடுக்க மேலே இருந்ததையெல்லாம் கிளற வேண்டியிருந்தது. காஸ் துணியைத் தூக்கும்போது அதனடியில் சாய்ந்து கிடந்த ஊசி ஒரு நர்ஸின் விரலில் ஏறியது. இரண்டு கிண்ணங்களில் எது சலைன், எது மருந்து என்று ஒரு ஜூனியர் டாக்டர் தடுமாறினார். ஒரு கிட்டில், குழாய்க்கு வழியை அகலப்படுத்தும் டைலேட்டரே இல்லை. எல்லாப் பொருளையும் கம்பெனி ஸ்டெரைல் பாக்கெட்டிலிருந்து பிரித்து, கேதிட்டர் (குழாய்) செட்டையும் பிரித்து, தன் ட்ரேயில் அடுக்கியதாக வாசகி எழுதுகிறார்.

அவருடைய முக்கியக் கேள்விகள் நான்கு. டாக்டர்கள் கேட்ட 31-ஐயும் போட வேண்டுமா? வாங்கும்போதே ஸ்டெரைலாக இருப்பவற்றைச் சுத்தமான அறையில் வைத்துக் கட்டினால் கிட் மீது 'ஸ்டெரைல்' என்று அச்சிடலாம்தானே? குழப்பம் வராமலிருக்க உள்ளே ஒரு எச்சரிக்கைத் தாள் வைத்தால் போதும் என்கிறார் கொழுந்தனார், சரியா? இப்போதைய டிரெஸ்ஸிங் செட்டுக்கு லைசென்ஸ் தேவைப்படவில்லை, இதுவும் பேக்கிங் வேலைதானே? கடைசியில் ஒரு வரி: "பதினோரு வருஷம் பெட் பக்கத்திலேயே நின்றவள். எனக்கே இது ஏன் வரவில்லை?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கட்டில் பக்கத்தில் நின்று பழகியவருக்குக் கிட்டின் குறை கண்ணில் படாது, கை தானாகச் சரிசெய்துவிடும். கவுன் அடியில் இருந்தால் டாக்டர் கை கழுவி வருவதற்குள் வெளியே எடுத்து வைத்திருப்பீர்கள். கிண்ணத்தில் ஊற்றியது எது என்று மனத்தில் குறித்துக்கொண்டிருப்பீர்கள். 11 ஆண்டுகளாக மோசமான கிட்டுகளைக்கூட நீங்கள் நல்ல கிட்டாக்கிக் கொண்டிருந்தீர்கள். அந்தத் திறமைதான் இப்போது குறையை உங்களிடமிருந்து மறைக்கிறது. இனி கட்டும்போது, அந்த ஐசியூவில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒருவர், அதிகாலை மூன்று மணிக்கு, உதவிக்கு ஆள் இல்லாமல் இதைப் பிரிப்பதாக நினைத்துக் கட்டுங்கள்.

மாதிரியை நோயாளியிடம் கொண்டுபோகாமல் பொம்மையில் பார்க்க வைத்தது மிக நல்ல காரியம். வந்த குறைகள் ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் இருக்கிறது.

31-ல் எத்தனை மிஞ்சும்?

பொருள் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறீர்கள். ஒரு கிட்டில் நடப்பது பெரும்பாலும் நேரெதிர். பயன்படாத பத்துப் பொருள் பயன்படும் ஒரு பொருளை மறைக்கும். ஐந்து டாக்டர்களின் பட்டியலை ஒன்றாகச் சேர்த்தால், யாருடைய கைக்கும் பொருந்தாத ஆறாவது டாக்டர் ஒருவருக்கான கிட்தான் கிடைக்கும்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். பத்துக்குப் பத்து முறையும் பயன்படுபவை, சில டாக்டர்கள் மட்டும் கேட்பவை, 'இருக்கட்டுமே' என்று வந்தவை. முதல் வகை மட்டும் கிட்டுக்குள். இரண்டாம் வகை, தனித்தனி ஸ்டெரைல் பாக்கெட்டாக மருத்துவமனையின் அலமாரியிலேயே இருக்கட்டும். 2-0 சில்க் தையல் ஒருவருக்கு, 3-0 இன்னொருவருக்கு, தையலே வேண்டாம், ஒட்டும் பிடிப்பான் போதும் என்பவர் மூன்றாமவர். மூன்றையும் உள்ளே வைத்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு குப்பைக்குப் போகும். கையுறையும் அப்படியே. 6.5, 7, 7.5 என்று மூன்று ஜோடி வைப்பதும் வீண், 7 மட்டும் வைத்துவிட்டு எல்லாருக்கும் சரியாகும் என்று நம்புவதும் வீண். கையுறை வெளியே இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: டிரேப், அதாவது நோயாளியை மூடும் ஸ்டெரைல் துணி. 2006-ல் வெளியான, அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஐந்து பழக்கங்களைக் கட்டாயமாக்கினார்கள். கை கழுவுதல், முழுத் தடுப்பு உடை, தோலுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, முடிந்தவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல். குழாய்வழி இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு 1,000 குழாய்-நாளுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் உடலில் இருந்தால் ஒரு குழாய்-நாள்) 2.7 என்பதிலிருந்து மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. ஐந்தில் எதுவும் புதுக் கருவி அல்ல, எல்லாருக்கும் தெரிந்த வேலைகள்தாம். கிட் கட்டுகிறவர் கையில் இருப்பது இரண்டாவது: முழுத் தடுப்பு. நீங்கள் அரை டிரேப் வைத்தால், டாக்டர் எவ்வளவு ஒழுங்கானவராக இருந்தாலும் அந்த விதியை உங்கள் கிட் மீறவைக்கிறது. நோயாளியின் தலை முதல் கால் வரை மூடும் அளவே வைக்க வேண்டும்.

கேதிட்டர் செட்டைப் பற்றி என் தீர்ப்பு கறாரானது: அதைப் பிரிக்காதீர்கள். டைலேட்டர் தொலைந்தது அங்கேதான். கேதிட்டர், ஊசி, கைடு வயர் (குழாயை வழிநடத்தும் கம்பி), டைலேட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தும்படி அந்தக் கம்பெனி சேர்த்து, சோதித்து, மூடி வைத்தது. மருத்துவமனை வாங்கும் கேதிட்டர் செட் மூடியபடியே தனியாக வரட்டும். உங்களுடையது அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்குமான கிட். 'அப்போது இது அரை கிட்தானே' என்று மேலாளர் கேட்பார். நடுவில் நர்ஸ் ஸ்டோருக்கு ஓடுவது கேதிட்டருக்காக அல்ல. கவுன், பெரிய டிரேப், காஸ், அல்ட்ராசவுண்ட் கவர் இவற்றுக்காகத்தான்.

வரிசை

நல்ல கிட்டைப் பிரிக்கும்போது அடுத்து எது வேண்டுமோ அது மேலே வர வேண்டும். செயல்முறையை எழுதி, அதைத் தலைகீழாக அடுக்கினால் கிட் வந்துவிடும். கடைசியில் தேவைப்படும் ட்ரே அடியில், முதலில் தேவைப்படுவது மேலே.

இதில் கிட்டத்தட்ட எல்லாரும் செய்யும் தவறு தொப்பியும் மாஸ்க்கும். கை கழுவுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டியவை அவை. ஸ்டெரைல் சுற்றுத்துணிக்குள் வைத்தால், அவற்றை எடுக்க யாராவது கழுவாத கையை உள்ளே விட வேண்டும். ஆகவே அவை வெளிப் பைக்கும் சுற்றுத்துணிக்கும் நடுவில் இருக்கட்டும். டாக்டருக்கும் உதவியாளருக்குமாக இரண்டு இரண்டு.

சுற்றுத்துணியைப் பிரித்ததும் முதலில் கை துடைக்கும் துண்டு, அதனடியில் கவுன். கவுனை உட்புறம் வெளியே தெரியும்படி, கழுத்துப் பகுதி மேலே வரும்படி மடிக்க வேண்டும். போடுகிறவர் தொடுவது உட்புறமாகவே இருக்கும். அடுத்து டிரேப். இதை விசிறி மடிப்பாக மடித்து, தலைப்பக்கம் எது என்று அம்புக்குறியும் தலை உருவமும் அச்சிடுங்கள். துளையைச் சுற்றிய பசைப் பகுதி முதலில் நோயாளியின் தோலில் பட வேண்டும், பிறகு துணி இரு பக்கமும் தானாக விரிய வேண்டும். எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல் டிரேப்பைத் திருப்பும் நேரத்தில்தான் அதன் ஓரம் கட்டில் கம்பியில் உரசுகிறது.

சுற்றுத்துணியே ஸ்டெரைல் மேசையாக மாற வேண்டும். அந்த ஐசியூவின் ட்ராலியை அளந்துகொள்ளுங்கள். விரித்த துணி நான்கு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் தொங்க வேண்டும். மடிப்பு, பிரிப்பவரின் எதிர்ப்பக்கம் முதலில், பிறகு இடம் வலம், கடைசியில் தன் பக்கம் என்று பிரியும்படி. ஒவ்வொரு நுனியிலும் பிடிக்க ஒரு சிறு மடிப்பு விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் விரல் உட்புறத்தைத் தொடும்.

ட்ரேக்கு வருவோம். பொருள்களைக் கொட்டி வைக்கும் தட்டையான ட்ரே வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வைத்த ட்ரே வாங்குங்கள். அச்சுக்குச் செலவு ஆகும்தான். ஆனால் இரண்டு வேலையை அது ஒன்றாகச் செய்கிறது: ஊசி சாய்ந்து காஸுக்கடியில் போகாது, ஒரு பொருள் விடுபட்டால் காலிப் பள்ளம் பல்லிளிக்கும். கத்தி, ஊசிகள், தையல் ஊசி எல்லாம் ஒரே மூலையில், பிடி பயன்படுத்துபவரை நோக்கி, முனை எதிர்ப்பக்கம். அதே மூலையில் பயன்படுத்திய ஊசியைக் குத்தி வைக்க ஒரு ஃபோம் கட்டை. பக்கத்தில் அச்சில் 'கூர்மையானவை: 4' என்று எண்ணிக்கை. முடிந்ததும் எண்ணி, வெள்ளை நிறத் துளையாத டப்பாவில் போடுவார்கள். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி காஸ் மஞ்சளுக்கும் பிளாஸ்டிக் சிவப்புக்கும் போக வேண்டும். ட்ரேயில் காஸை ஒட்டிவைத்தால் அதைப் பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எல்லாம் மஞ்சளுக்கே போகும்.

இன்னொரு பள்ளம் காலியாகவே இருக்கட்டும், வட்டமாக: 'எடுத்த கைடு வயர்' என்று எழுதி. கேதிட்டர் செட் தனியே வந்தாலும் வெளியே எடுத்த வயருக்கு இடம் உங்கள் ட்ரேயில். வயர் நோயாளிக்குள்ளேயே தங்கிவிடுவது உலகெங்கும் நடக்கும் தவறு. பேச்சுவாக்கில், அல்லது நடுவில் வேறு நோயாளிக்கு அழைப்பு வந்ததில், டாக்டர் வயரைப் பிடித்திருந்த கையை விட்டுவிடுகிறார். காலிப் பள்ளம் அவரைத் தடுக்காது. மூடும் முன் நர்ஸ் கேட்க ஒரு காரணம் தரும். காஸும் அப்படி: எக்ஸ்-ரேயில் தெரியும் நூல் வைத்த 10×10 செ.மீ. காஸ், பத்துப் பத்தாகப் பட்டையிட்டு.

நிறமில்லாத திரவங்கள்

ஜூனியர் டாக்டர் தடுமாறிய இரண்டு கிண்ணம் விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்தின் மிகப் பெரிய ஆபத்து.

2004-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு மருத்துவமனையில், மேசை மேல் அடையாளமிடாத கிண்ணங்களில் மூன்று தெளிந்த திரவங்கள் இருந்தன: சலைன், எக்ஸ்-ரே சாயம், குளோர்ஹெக்சிடின். சாயம் என்று நினைத்துக் குளோர்ஹெக்சிடினை ஊசியில் ஏற்றினார்கள். அந்த நோயாளி இறந்தார். 2010-ல் சிட்னியில் பிரசவ வலிக்காக முதுகில் எபிடூரல் போடும்போது, சலைன் என்று நினைத்து அதே குளோர்ஹெக்சிடினை ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் நரம்புகள் மீளாதபடி சேதமாயின. இரண்டு இடத்திலும் ஊழியர்கள் அனுபவசாலிகள். திரவம் ஒரே மாதிரி, பாத்திரம் ஒரே மாதிரி, நடுவில் ஒரு கை.

கொழுந்தனார் சொல்லும் எச்சரிக்கைத் தாள் இங்கே எடுபடாது. கையுறை போட்ட கை தாளைத் தொடாது. ட்ரேயைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அந்தத் தாள்தான். ஆபத்து மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலையிலும் இதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தவறே நடக்க முடியாத வடிவமைப்பு, அடுத்து தடுப்பு, தகவலும் எச்சரிக்கையும் கடைசி. அவரிடம் இதைக் காட்டுங்கள், அண்ணி சொன்னதாக இல்லாமல் தரநிலை சொன்னதாக இருக்கட்டும்.

கிட்டில் கிண்ணமே வேண்டாம். தோலுக்கான மருந்து, நிறம் கலந்த, குச்சி நுனியில் பஞ்சு வைத்த அப்ளிகேட்டராக வரட்டும். அதிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்ச முடியாது. 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின், 70 சதவீத ஆல்கஹால் கலவையே வழக்கம். அது எரியக்கூடியது, காய விட வேண்டும், மருந்தாகவும் கணக்கிடப்படுகிறது. ஆகவே உங்கள் பைக்குள் வைக்காதீர்கள். மருத்துவமனை மருந்தகத்திலிருந்து வரட்டும். வெளிப் பையின் மேல் பெரிதாக ஒரு வரி மட்டும்: 'பிரிக்கும் முன்: குளோர்ஹெக்சிடின் குச்சி, லிக்னோகைன், சலைன் சிரிஞ்ச், கையுறை, கேதிட்டர் செட்'. இந்த வரி எடுபடும், ஏனென்றால் கையுறை போடும் முன் கண்ணில் படுகிறது.

தோலை மரத்துப்போக வைக்கும் லிக்னோகைனுக்கு ஒரு காலி சிரிஞ்சும் அதற்குரிய பள்ளமும் போதும். உள்ளே ஸ்டெரைல் மார்க்கர் ஒன்று, 'லிக்னோகைன்' என்றும் 'சலைன்' என்றும் முன்பே அச்சிட்ட ஸ்டிக்கர்கள். இரண்டு சிரிஞ்சையும் வேறு வேறு அளவில் வையுங்கள், லிக்னோகைனுக்கு 5 மி.லி., சலைனுக்கு 10.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் உங்களுக்கே தெரியும். தோல்வழி ஊசியில் 18ஜி (ஊசியின் பருமன் எண்) என்றால் இளஞ்சிவப்பு. ஐவி கேனுலாவில் 18ஜி பச்சை, 20ஜிதான் இளஞ்சிவப்பு. இரண்டும் தரநிலைப்படி சரியே, இரண்டும் ஒரே கட்டிலருகே இருக்கின்றன. அளவை எழுத்திலும் போடுங்கள். எந்த மொழியில் என்று கேட்டிருந்தீர்கள். பெங்களூர் ஐசியூவில் கன்னடம், மலையாளம், தமிழ், இந்தி, மணிப்புரி என்று எல்லாம் இருக்கும். பெரிய ஆங்கில எழுத்தும் படமும் போதும். தமிழில் போட ஆசை எனக்கும் உண்டு; உங்கள் கூடத்தில் வேலை செய்யும் பெண்களுக்கான வேலைத்தாளைத் தமிழிலும் கன்னடத்திலும் போடுங்கள், அங்கே அது உண்மையில் பலன் தரும்.

'ஸ்டெரைல்' என்ற சொல்

இல்லை, அச்சிட முடியாது. ஸ்டெரைல் என்பது பொருளின் குணம் அல்ல, மூடிய பாக்கெட்டின் நிலை. பாக்கெட் பிரிந்த நொடியில் அது முடிந்துவிடும். எவ்வளவு சுத்தமான அறையிலும் அடுக்கியவற்றை, கடைசி மூடலுக்குப் பிறகு மறுபடி ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமி இருக்க வாய்ப்பில்லை என்பதே அந்தச் சொல்லுக்கு ஏற்கப்பட்ட அளவு. அதைச் சோதித்து நிரூபித்த பிறகுதான் அச்சு.

ஏற்கெனவே ஸ்டெரைலான பொருளை வாங்கிப் பிரித்து மறுபடி செய்வதிலும் சிக்கல் உண்டு. பல பாக்கெட்டுகளில் 'மறுபடி ஸ்டெரிலைஸ் செய்யாதே' என்ற குறி இருக்கும். சிரிஞ்ச், காஸ், டிரேப் தயாரிப்பாளர்களிடம் ஸ்டெரைல் அல்லாத மொத்தச் சரக்காகவே கேளுங்கள். கூடவே, ஸ்டெரிலைஸ் செய்யும் ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு) வாயுவைத் தாங்கும் என்ற எழுத்துச் சான்று. உங்கள் மாதிரிக் கலவைக்கு ஈடிஓதான் பொருத்தம். காமா கதிரில் பாலிப்ரோப்பிலீன் நொறுங்கும், பிவிசி மஞ்சளாகும்.

ஈடிஓவுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் வழி வேண்டும். முழு பிளாஸ்டிக் பை ஆகாது. ஒரு பக்கமாவது டைவெக் (வாயு புகும் செயற்கை இழைத்தாள்) அல்லது மருத்துவக் காகிதம். சிரிஞ்ச் மூடியை இறுக்கி அடைத்தாலோ, டிரேப்பைக் கல் போல அழுத்தி மடித்தாலோ வாயு நடுவுக்குப் போகாது. ஸ்டெரிலைஸர் நிறுவனம், கிருமி செத்ததா என்று காட்டும் சோதனைச் சீட்டை எங்கே வைப்பது என்று கேட்கும்போது, மிகக் கடினமான இடத்தைக் காட்டுங்கள், எளிதானதை அல்ல. பிறகு காற்றோட்டம் விட்டு, மிச்ச வாயு முதல் 24 மணி நேரத்துக்கு 4 மில்லிகிராம் வரம்புக்குள் இருக்கிறதா என்ற அறிக்கை வாங்க வேண்டும். காஸும் ஃபோமும் வாயுவை நெடுநேரம் பிடித்துவைக்கும்.

பைகள் பெரும்பாலும் தோற்பது ஓரத்தில். சீல் அகலம் 6 மி.மீட்டருக்குக் குறையாமல், வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றையும் சோதித்து நிர்ணயித்து, தினமும் குறித்துவையுங்கள். ட்ரேயின் கூரான மூலை லாரிக் குலுக்கலில் பையில் ஊசித் துளை போடும். மூலைகளை வட்டமாக்குங்கள். பெட்டியில் அனுப்பி, துளை தெரியச் சாயச் சோதனை செய்து பாருங்கள். பிரிக்கும்போது காகிதம் நார்நாராகக் கிழிந்தால் அந்தத் தூசு கிட்டுக்குள் விழும். சீல் வலுவாக இருந்தால் மட்டும் போதாது, சுத்தமாகப் பிரியவும் வேண்டும்.

காலாவதித் தேதியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பவற்றில் எது முதலில் காலாவதியாகிறதோ அதுவே கிட்டின் எல்லை. அதற்கும் உள்ளாக, உங்கள் சீல் தாங்கும் காலம். இதை 55 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பார்க்கலாம்: 25 டிகிரி அறையில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 நாள் ஈடு. முதலில் ஓர் ஆண்டு போடுங்கள், நிஜக் காலச் சோதனை ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

லைசென்ஸ்

இதில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஸ்டெரைலும் அல்லாத, அளவிடும் வேலையும் இல்லாத ஏ வகுப்புக் கருவிகளுக்கு (ஆபத்து மிகக் குறைந்தது ஏ, மிக அதிகமானது டி) உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. இணையத்தில் பதிவு மட்டும் வேண்டும், அதைச் செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஸ்டெரைல் என்ற சொல் வந்ததும் விலக்கு போய்விடும். 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். 'நாங்கள் தயாரிக்கவில்லை, பேக் மட்டும் செய்கிறோம்' என்பது வாதமாகாது. கிட் மீது உங்கள் பெயர் இருந்தால் பொறுப்பும் உங்களுடையது.

ஏ, பி வகுப்பு உற்பத்திக்கு எம்டி-3 விண்ணப்பம், கர்நாடக மாநில உரிம அதிகாரியிடம். கிடைப்பது எம்டி-5 உரிமம். பி வகுப்பு என்றால் உரிமத்துக்கு முன்பே அங்கீகாரம் பெற்ற தணிக்கை அமைப்பு வந்து பார்க்கும். உள்ளே இருப்பவற்றில் உயர்ந்த வகுப்பு எதுவோ அதையே முழு கிட்டுக்கும் வைத்துத் திட்டமிடுங்கள். வகுப்பை எழுத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கேதிட்டரையும் மருந்துகளையும் வெளியே வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: அவற்றை உள்ளே கொண்டுவந்தால் மேல் வகுப்பு, மருந்து உரிமம் என்று உங்கள் கூடத்துக்கு மீறிய கதவுகள் திறக்கும். இன்னொன்று, செய்முறை விளக்கத்துக்கும் பயிற்சிக்கும் மாதிரி செய்யக்கூட எம்டி-13 என்ற சோதனை உரிமம் இருக்கிறது. அடுத்த சுற்று மாதிரிக்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

விடுபடாமல் கட்ட

எடை போட்டுப் பார்க்கும் யோசனையைக் கேட்டிருந்தீர்கள். சில கிராம் எடையுள்ள ஓர் ஊசி குறைந்ததை, ஈரப்பதத்துக்கேற்ப எடை மாறும் காஸும் துணியும் மறைத்துவிடும். இதைவிட எளிதான வழி: 50 கிட் கட்டும் நாளில் ஒவ்வொரு பொருளையும் சரியாக 50 எண்ணி மேசைக்குக் கொடுங்கள். கடைசியில் ஒரு சிரிஞ்ச் மிஞ்சினால் ஏதோ ஒரு கிட்டில் அது இல்லை; 50-ஐயும் திறந்து பார்த்த பிறகுதான் சீல். அடுத்த வேலை தொடங்கும் முன் மேசை முழுதும் காலியாக வேண்டும். ஒவ்வொரு கிட்டிலும் எந்த லாட் (உற்பத்தித் தொகுதி) பொருள் போனது என்ற பதிவும், நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்ட, பிரித்தெடுக்கும் லாட் ஸ்டிக்கரும் இருந்தால், ஒரு லாட்டைத் திரும்ப அழைக்கும் நாளில் மானம் தப்பும்.

சப்ளையர் சொல்லாமல் பொருளை மாற்றுவது இன்னொரு தலைவலி. திருகி மாட்டும் சிரிஞ்சுக்குப் பதில் வெறுமனே செருகும் சிரிஞ்ச் வந்தால், அழுத்தும்போது ஊசி கழன்று தெறிக்கும். 'முன் அறிவிப்பின்றி மாற்றக் கூடாது' என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

அடுத்த பொம்மைச் சோதனையைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம். ஜூனியர் டாக்டர் மூவர், சீனியர் இருவர், இரவு ஷிஃப்ட் நர்ஸ் மூவர். விளக்கைக் குறைத்து, மேலிருந்து வீடியோ எடுத்து. நீங்கள் அறையில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எத்தனை முறை கை கிளறியது, எத்தனை முறை 'அது எங்கே' என்று கேட்டார்கள், எது தொடப்படாமல் மிஞ்சியது, ஸ்டெரைல் அல்லாத எதிலாவது கை பட்டதா: இந்த நான்கையும் எண்ணுங்கள். திருத்தி, வேறு எட்டுப் பேரோடு மறுபடி.

மேலாளரைப் பார்க்கப் போகும்போது 31 பொருள் பட்டியலை மூன்று நிறத்தில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். ஐந்து டாக்டர்களும் ஒரே மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து முதல் வகையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கையெழுத்து வரும்வரை ட்ரே அச்சுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.